இரண்டு மணிச் சங்கு

"சங்கு ஊதினா ஆத்துல ஒருத்தரும் இருக்கக் கூடாது. இருந்தா, அப்புறம் அவங்களுக்கே ஊத வேண்டியதுதான்" என்றார், பாதுகாப்புச் சோதனைக்கு வந்திருந்த அதிகாரி.

மின்சாரம் எடுக்கும் சின்ன அணைதான். ஆனால் தண்ணீரைத் திறந்துவிட்டால், கீழே முழங்கால் அளவு ஓடும் ஆறு பத்தே நிமிடத்தில் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும்.

"நம்ம ஜனங்க தங்கம் சார். நீங்களே பாருங்க" என்ற ஆபரேட்டர், வழக்கம்போல் இரண்டு மணிக்கு சைரன் பொத்தானை அமுக்கினார். சங்கு ஊதியது.

ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதி துவைத்த துணியை அப்படியே அள்ளிக்கொண்டார்கள். தூண்டில்காரர் பிடித்த மீனைக்கூட மறந்துவிட்டு ஓடினார். மூன்றே நிமிடத்தில் ஆறு காலி.

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்யா! மேல நல்ல மழை, நாளைக்கு இதைவிட அதிகமாத் திறக்கணும். இனி எனக்குக் கவலையே இல்ல."

ஊருக்குப் போகும் பாதை அணை அறையின் வாசலை ஒட்டித்தான் போகிறது. ஈரப் புடவையோடு ஓடிவந்த ஒரு அம்மாளை அதிகாரி பாராட்டுவதற்காக நிறுத்தினார்.

"தண்ணின்னா அவ்வளவு பயமாம்மா?"

"தண்ணியா? வழிய விடுங்க சார், சீரியல் ஆரம்பிச்சிருக்கும்! சங்கு ஊதுறதே அதுக்குத்தானே?"

ஆபரேட்டர் தலையைச் சொறிந்தார். அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சரிம்மா, எதுக்கோ ஒண்ணுக்கு... நாளைக்கும் இதே மாதிரி ஓடி வந்துடுவீங்கல்ல?"

அம்மாள் ஓடிக்கொண்டே திரும்பிச் சொன்னாள்:

"நாளைக்கு எதுக்கு சார் ஓடணும்? ஞாயித்துக்கிழமை சீரியல் கிடையாதே!"