ஐந்துக்குப் பின்னால்

பனிமூட்டத்தில் யாரும் தவறிவிடக்கூடாது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் ஐந்து பேரும் எண் சொல்லிக்கொண்டேதான் தேயிலை மலை வழியாகப் பள்ளிக்கூடம் போவோம். முன்னால் நடக்கும் நான் ஒன்று. கடைசியில் வரும் என் தங்கை கிருஷாந்தி ஐந்து.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கும் பின்னால் "ஆறு" என்று கேட்டது.

பள்ளிக்கூட இடைவேளையில் கடைக்காரர் மகள் ஹப்ஸாவிடம் சொன்னேன். "அது ஜின். அதுக்கிட்ட யாரும் பேசிராதீங்க," என்றாள்.

"பாவம், தனியா வருது," என்றாள் பக்கத்தில் நின்ற கிருஷாந்தி.

மாலையில் தூறலோடு திரும்பினோம். எண்ணிக்கை ஐந்தோடு நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. லயத்து வாசலுக்கு ஐந்து பேரும் வந்து சேர்ந்தோம்.

துண்டோடு வந்த அம்மா கிருஷாந்தியின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடி, தூறல்ல வந்தும் நனையவே இல்ல?"

கிருஷாந்தி சிரித்தாள்.

மேலே, மலைப்பாதையின் பனிக்குள்ளிருந்து, என் தங்கையின் குரல் "ஆறு" என்றது.