கருப்பிக்கு வந்த சந்தேகம்

ஒரு வீட்டுக் கொல்லையில் செவலை, கருப்பி என்று இரண்டு கோழிகள் இருந்தன. ஒருநாள் வீட்டுக்காரம்மா கம்பையும் சோளத்தையும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டாள். மூன்று நாள் கழித்து, நுரை கட்டி நன்றாகப் புளித்ததும் அள்ளித் தட்டில் வைத்தாள். மூத்த கோழியான செவலை கிட்டே போய் மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"ஊசிப்போனதைத் தின்ன என்னால ஆகாது" என்று வேலிக்கு அந்தப் பக்கத்துக் கோழிகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னது. கருப்பி தட்டில் தலையை விட்டுத் தின்றது.

வீட்டுக்காரம்மா தினமும் வாளியிலிருந்து அதையே அள்ளி வைத்தாள்; வேறு தீனி போடவில்லை. அன்று முழுக்க மண்ணைக் கிளறியதில் செவலைக்கு இரண்டு பூச்சி கிடைத்தது. மறுநாள் ஒன்றுதான். தட்டுப் பக்கமிருந்து காற்றடிக்கும்போதெல்லாம் அந்தப் புளித்த வாசனையில் வாய் ஊறியது. ஆனால் அத்தனை பேர் கேட்கச் சொல்லிவிட்டு, இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு தட்டுக்குப் போவது?

மூன்றாம் நாள் கருப்பி நாலு கொத்து கொத்திவிட்டுத் தலையைத் தூக்கியது.

"அக்கா, இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலாப் புளிச்சிருச்சோன்னு சந்தேகமா இருக்கு. எனக்கு அவ்வளவு வெவரம் பத்தாது. நீங்க ஒரு வாய் பாத்துச் சொன்னா தேவலை."

இதையும் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரிதான் சொன்னது.

செவலை அவசரப்படாமல் நடந்து வந்து ஒரு வாய் பார்த்தது. பிறகு அடியில் இருப்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. தட்டு காலியானதும் அலகைத் தரையில் துடைத்துக்கொண்டு, "ஒரு நாள்ல சொல்லிர முடியாது. நாளைக்கும் பாக்கணும்" என்றது.

"சரிக்கா" என்றது கருப்பி.

மறுநாள் அது வயிறு நிறையத் தின்றுவிட்டு, அதன் பிறகுதான் சந்தேகப்பட்டது.