டிரம்மில் சூடேறாத மோட்டார்

“இன்னிக்குக் காலையிலயும் நடுத்தண்ணியில சூடேறி நின்னுடுச்சு” என்றார் மாமனார், நல்லாயிருக்கியா என்று ஒரு வார்த்தை கேட்காமல். வாசலில் தள்ளுவண்டி நின்றது. அதில் படகு மோட்டார் கோணியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தது.

ஒரே மோட்டார், ஒரே கோளாறு, நாலாவது தடவை. போன தடவை அனுப்பும்போது, “இனிமே சூடேறினா மீசையை எடுத்துடுறேன் மாமா” என்று சவால் வேறு விட்டிருந்தேன். கை தன்னால் மீசைக்குப் போனது.

“துடுப்புப் போட்டே கரைக்கு வந்தேன். தோள்பட்டை விட்டுப்போச்சு. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!”

அவருடைய சம்மதம் இல்லாமல் அவர் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் நான். “ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவனுக்கா என் பொண்ணு?” என்று கேட்டுவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு ரொம்ப நாள் எங்கள் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது ஊரில் இத்தனை கடை இருக்க, என்னைத் தேடி வருகிறார். எதற்கு? அன்றைக்குச் சொன்னது சரிதான் என்று நிரூபிக்கத்தான். நானும் என்னால் முடிந்த வரை ஒத்துழைத்துக்கொண்டிருந்தேன்.

“இந்தத் தடவையாவது ஒழுங்கா பாருங்க” என்றாள் மனைவி, கடைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் அடுக்களையில், ரகசியக் குரலில். “இதையும் சொதப்பினா அப்பா வேற கடைக்குப் போயிடுவாரு. அவரு பேசலைன்னாலும் பரவாயில்ல, கண்ணாலயாவது பார்த்துக்கிட்டிருக்கேன். அதுலயும் மண்ணைப் போட்டுடாதீங்க.”

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. வீரம் மட்டும்தான், அறிவு வரவில்லை.

மோட்டாரை நிமிர்த்தி ஸ்டாண்டில் மாட்டினேன். தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு நடுவில் நூலாம்படை கட்டியிருந்தது. என் கடைச் சிலந்திக்கு இருக்கிற சுறுசுறுப்பில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்று நினைத்தபடி, அதைத் துணியால் துடைத்துப் போட்டேன்.

மோட்டார் சூடேறுகிறது என்றால் உள்ளே தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். அடியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரம் தண்ணீரை இழுத்து, இன்ஜினைக் குளிர வைத்து, பின்பக்கத் துளை வழியாகப் பீய்ச்சும். முதல் தடவை தண்ணீர் போகிற வழியெல்லாம் ஊதிச் சுத்தம் செய்தேன். அடுத்த தடவை அந்தச் சக்கரத்தையே மாற்றினேன். அதற்கும் அடுத்த தடவை சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். கழற்றிப் போட்டவையெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. வியாதி பிடிபடாத வைத்தியன் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பான் இல்லையா, நான் அந்த ரகம்.

மாமனார் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி, அடுக்களைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். என் வேலையைப் பார்க்கக்கூட அவருக்குச் சகிக்கவில்லை போலிருக்கிறது. மனைவி கொண்டுவந்து வைத்த டீயை மட்டும் எடுத்துக் குடித்தார்.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கி, கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் நேர்கோடாகப் பீய்ச்சி என் சட்டையை நனைத்தது. ரொம்ப நேரம் ஓடவிட்டு மோட்டாரின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. என் தலையைத் தொட்டுப் பார்த்தேன். அதுதான் கொதித்தது.

“மாமா, நல்லாத்தானே ஓடுது?”

“டிரம்முல ஓடும். நான் என்ன டிரம்முலயா மீன் பிடிக்கிறேன்?”

“தண்ணியில எவ்வளவு நேரத்துல சூடேறுது?”

“ஏறுற நேரத்துல ஏறுது. மறுபடி கழட்டிப் பாரு. அவசரமில்ல, சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்.”

‘அவசரமில்ல’ என்றதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை தெரியாதவனிடம்தானே அப்படிச் சொல்வார்கள்? ஸ்பேனரை மேசைமேல் வீசினேன். சத்தம் கேட்டு மனைவி கதவோரம் வந்து நின்றாள்.

“கிளம்புங்க மாமா. இப்பவே துறைக்குப் போய் உங்க போட்டுல இதை மாட்டுறேன். நானே கூட வந்து ஓட்டுறேன். எங்க சூடேறுதுன்னு கண்ணால பார்க்காம விடமாட்டேன். இன்னிக்கு மட்டும் நான் சரி பண்ணிட்டேன்னா, இதைத் தூக்கிக்கிட்டு ஆயுசுக்கும் நீங்க என் கடைவாசலை மிதிக்க வேண்டியதே இல்ல!”

மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது. “இன்னொரு நாள் பார்க்கலாமே” என்று முனகினார்.

விடுவேனா? மோட்டாரை வண்டியில் ஏற்றி, கோணியைப் போர்த்தி, தள்ளவே ஆரம்பித்துவிட்டேன். மீசை என்னுடையதல்லவா.

அவர் எழுந்து வந்து வண்டியைப் பிடித்து நிறுத்தினார். கதவோரம் நின்ற மகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

“போட்டை வித்து ஒரு வருஷமாச்சு, மாப்பிள்ளை.”