போயிட்டு வரேன்

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு ஆலோசகராக வந்த மூன்று மாதத்தில், அதன் தலைவர் தமயந்தியை வீட்டு விருந்துக்கு அழைத்தது அன்றுதான். அவர் கேக் வெட்டக் கத்தியை எடுத்த நேரம் பார்த்து, சென்னை மேனேஜர் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுத் தொலைத்தார். வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டே, நம் ஊர் வழக்கத்தை அப்படியே அவர்கள் மொழியில் சொன்னாள்: “போயிட்டு வரேன்.” அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

டிராமில் ஏறி இயர்ஃபோனை மாட்டியதும் அவரிடமிருந்து படம் வந்தது. வெட்டாத கேக், சுற்றிலும் பதினோரு பேர், அவளுடைய காலி நாற்காலி. ‘எப்போது வருவீர்கள்? காத்திருக்கிறோம்.’

“தலைவர் நம்ம கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டுடுவாருல்ல?” என்று காதில் மேனேஜர் கேட்டார்.

‘மன்னிக்கவும், போகிறேன் என்றுதான் சொல்லவந்தேன்’ என்று எழுதினால் போதும். ஆனால் ‘போகிறேன்’ வரவில்லை. விரல் அங்கேயே நின்றுவிட்டது. அவள் வீட்டில் வெறுமனே “போறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கியவர் அப்பா ஒருவர்தான். பத்து வருஷமாக அம்மா வாசல் கதவைத் தாழ் போடுவதில்லை.

டிராம் இன்னொரு நிறுத்தத்தைத் தாண்டியது. அடுத்த படம் வந்தது. அந்தக் குளிரில் தலைவர் தன் வீட்டுக் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“தமயந்தி, லைன்ல இருக்கீங்களா, போயிட்டீங்களா?” என்றார் மேனேஜர்.