ஆயில் ஆறட்டும்

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"எங்கண்ணா இருக்கே? டாக்டர் ரெண்டு தடவை கேட்டுட்டார்."

"பாலத்துக்குக் கீழ ஓரமா நிறுத்தியிருக்கேன். ஆயில் சூடு எகிறிடுச்சு. மீட்டர் முள்ளு சிவப்பைத் தொட்டுடுச்சு."

அந்த ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கிய அன்றே சொன்னேன், முதலில் ஆயில் கூலரை மாற்று என்று. எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது, அதுவும் மெக்கானிக்கல். அவன் சைலன்சரை மாற்றினான்.

"வண்டி போனா போகுதுண்ணா. மிதிச்சுக்கிட்டு வா."

"படிச்ச திமிர்ல பேசாதே. இன்ஜின் ஜாம் ஆச்சுன்னா யார் தண்டம் அழறது? அஞ்சே நிமிஷம், ஆயில் ஆறட்டும்."

"அப்பா அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டாருண்ணா. டாக்சி பிடிச்சாவது வா."

"இந்த வண்டியை நடுரோட்டுல விட்டுட்டா? நல்லா சொன்னே போ!" போனை வைத்துவிட்டான்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னும் வரலியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். "முள்ளு இறங்கிடுச்சு! இன்ஜின் சூட்டை இழுக்கட்டும்னு ஹீட்டரைப் போட்டேன். காருக்குள்ள அடுப்பு மாதிரி வேகுது." குரல் இறங்கியது. "ஆனா அப்பா கை மட்டும் சில்லுனு இருக்கு. எழுப்பினா எழுந்திருக்க மாட்டேங்கிறார்."

ஆம்புலன்ஸ் எதற்கு, அதைவிட வேகமாகக் கொண்டுபோகிறேன் என்று அவன்தான் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தான். காரில் இரண்டே சீட். நான் டவுன் பஸ்ஸில் ஏறி அவர்களுக்கு முன்னால் வந்து நிற்கிறேன்.

எனக்குக் கத்தத் தோன்றவில்லை.

"மெதுவாவே வாண்ணா," என்றேன். "ஆயில் மறுபடி சூடாயிடப் போகுது."