ஃபேக் ஐடி

“ஒங்க மக என்ன எழுதியிருக்கான்னு நீங்களே பாருங்க ராத்தா.”

வாசலில் நின்றபடியே போனை நீட்டினாள் மலிகா. பின்னால் அவள் மகள் அஃபீஃபா, துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பு. இந்த வீட்டு மர்ஜானாவோடு ஒரே பெஞ்ச்.

மீன் கழுவிக்கொண்டிருந்த ஹமீதா பானு கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

பெருநாள் உடுப்பில் அஃபீஃபா சிரிக்கும் போட்டோ. இன்ஸ்டாவில் போட்டது. அதற்குக் கீழே பெயர் தெரியாத ஒரு ஃபேக் ஐடி எழுதியிருந்தது: ‘கருவாட்டு மூஞ்சி. முன்பல்லு வேற கட்டுப்பல்லு. சிரிச்சா கழண்டு விழுந்துறப் போகுது.’

“இதை எம்மகதான் எழுதுனான்னு எப்படிச் சொல்றீக?”

“காரங்காட்டுல போட்ல ஏறுறப்ப வழுக்கி விழுந்துதான் இவளுக்குப் பல்லு போச்சு. கட்டுப்பல்லு வச்சது எங்க வீட்டை விட்டா ஒங்க மர்ஜானாவுக்கு மட்டும்தான் தெரியும்.”

ஹமீதா பானு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். மர்ஜானா வந்து நின்றாள்.

“இதை நீயா எழுதுன?”

மர்ஜானா போனைப் பார்த்தாள். பிறகு அஃபீஃபாவைப் பார்த்தாள். அஃபீஃபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா. நான்தான்.”

ஹமீதா பானு மகளின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

“கூடவே திரிஞ்சுட்டு இப்படிச் செய்ய எப்படி மனசு வந்துச்சு? இனிமே எம்மக பக்கம் வராத” என்று சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் மலிகா.

மர்ஜானாவின் போன் பீரோவுக்குள் போனது. சவூதியிலிருந்து அவள் அத்தா கூப்பிட்டுக் கேட்டபோதும் அதே பதில்தான். “நான்தான் எழுதுனேன்.”

“ஏம்மா?”

மர்ஜானா போனை ஹமீதா பானுவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பள்ளிக்கூடத்திலும் விஷயம் பரவியது. மர்ஜானா கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் வந்தால், பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ‘பொறாமை பிடிச்சவ’ என்று ஒருத்தி ஸ்டேட்டஸ் போட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஃபீஃபா தனியாக வந்தாள். உள்ளே வரச் சொல்லி ஹமீதா பானு கூப்பிடவில்லை.

“என்ன?”

“அவ போனைக் குடுத்துருங்க மாமி. அந்த ஐடி என்னோடது.”



“ஒன் போட்டோவுக்குக் கீழ நீயேவா எழுதுன?”

அஃபீஃபா தலையாட்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

பேச்சுச் சத்தம் கேட்டு வந்து நின்ற மகளிடம் ஹமீதா பானு திரும்பினாள். “ஒனக்கு இது தெரியுமா?”

“அன்னைக்கு வாசல்ல நிக்கிறப்பதான் தெரிஞ்சுச்சு. நான் எழுதல. அப்ப இவதானே எழுதியிருக்கணும்.”

“அதைச் சொல்ல வேண்டியதுதானே. அடி வாங்கிட்டு எதுக்குப் பேசாம இருந்த?”

“அவுக உம்மா முன்னாடி எப்படிம்மா சொல்றது? அன்னைக்கு அவ நின்ன நிலையே சரியில்ல.”

ஹமீதா பானு அஃபீஃபாவை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

“ஒன்னயே நீ ஏன் புள்ள இப்படி எழுதிக்கிட்ட?”

“எத்தனையோ போட்டோ போட்டேன் மாமி. ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. இப்படித் திட்டி எழுதுன அன்னைக்குத்தான் கிளாஸ் பூராவும் வந்து, ‘யாரோ சொல்றான்னு அழாத, நீ அழகுதான்’னு எழுதுனாங்க.”

இத்தனை நாளில் முதல்முறையாக மர்ஜானாவின் குரல் உடைந்தது.

“நீ போட்ட ஒவ்வொரு போட்டோவுக்கும் நான் எழுதுனேனேடி. நீ அழகா இருக்கன்னு.”

அஃபீஃபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

“நீ ஒருத்திதானே எழுதுன.”