மிளகாய்ச் சாக்குக்குப் பின்னால்

ஊசி ஏறி நான்கு நிமிடம் ஆகியும் தனலெட்சுமியின் கண்கள் மூடவில்லை.

ஜௌபர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதினான். 10.14, கண் திறந்திருக்கிறது. எழுதிய பிறகு நேரம் சரிதானா என்று இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தான்.

இது அவனுடைய வேலையில்லை. பதுளையிலிருந்த அந்த ஆஸ்பத்திரியின் மருந்தறையில், டொக்டர் எழுதிய துண்டைப் பார்த்துப் போத்தல் எடுத்துக் கொடுப்பவன் அவன். வார்டில் தமிழ் தெரிந்த ஒரே ஊழியர் லீவில் போய்விட்டார். சிங்களமும் தமிழும் தெரிந்த ஆள் வேண்டும் என்று டொக்டர் காலையில் வந்து அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலும் பிழையாகிவிடும் என்று எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான்.

கட்டிலில் கிடந்தவள் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. போன ஜூலையில் புருஷனோடு பதுளைக்குச் சாமான் வாங்க வந்தாள். அன்றுதான் தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரம். அவள் மட்டும் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து ஏழு மாதம், வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. தொண்டையில் குறையில்லை. காதும் நன்றாகக் கேட்கிறது.

இன்றும் பேசாவிட்டால் திங்கட்கிழமை கொழும்புக்கு, மனநோயாளர் ஆஸ்பத்திரிக்கு. தோட்டத்து லயத்து வீட்டில் மூன்று வயது மகள் இருக்கிறாள். அந்தப் பிள்ளையும் இப்போது அதிகம் பேசுவதில்லையாம்.

போன வாரம் அவளுடைய முதுகில் ஒரு கட்டியைக் கீறக் கெட்டமின் என்ற மருந்தைப் போட்டார்கள். அந்த அரை மயக்கத்தில் அவள் ஏதோ முனகினாள். நர்ஸுக்குத் தமிழ் விளங்கவில்லை. அதனால்தான் டொக்டர் இன்று கத்தியை எடுக்காமல், பேசவைப்பதற்காகவே அதே மருந்தைக் குறைத்துக் கொடுத்திருந்தார். புத்தகத்தில் இப்படி ஒரு வைத்தியம் இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

டொக்டர் சிங்களத்தில் கேட்டதை ஜௌபர் தமிழில் கேட்டான்.

"அக்கா, ஏன் பேசாம இரிக்கிறீங்க?"

அவளுடைய கண்கள் மெல்ல அவன் குரல் வந்த பக்கம் திரும்பின. கை எழுந்தது. இரண்டு விரலால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தும்மல் வருது."

நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

10.19, தும்மல் வருது. அவன் எழுதினான்.

"மொளகா நெடி. தும்முனா வெளிய கேட்டுரும்."

"எங்க இரிக்கிறீங்க அக்கா?"

"சாக்குக்குப் பின்னால. முக்காட்டப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ரோட்டுல எங்க வீட்டுக்காரருகிட்ட பேரு கேட்டாங்க. வாயத் தொறந்து சொன்னாரு. அவ்வளவுதான்."

பென்சில் நின்றது.

உங்களை அங்கே உட்கார வைத்தது யார் என்று டொக்டர் கேட்கச் சொன்னார். ஜௌபர் கேட்டான். அந்தக் கேள்வியை ஏன் அவ்வளவு மெதுவாகக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"கடைக்காரத் தம்பி. அவங்க உள்ள வந்து பார்த்தப்போ, இது எங்க சாச்சி, பொறவி ஊமைன்னு சொல்லிட்டாரு." அவள் சிரித்தது போலிருந்தது. "அதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிவச்சாரு. 'நான் வந்து செல்ற வரைக்கும் வாயத் தொறக்க வாணாம்'னு."

தோட்டத்தில் யாரும் சின்னம்மாவைச் 'சாச்சி' என்றோ, சொல்வதைச் 'செல்ற' என்றோ பேசுவதில்லை. ஜௌபரின் வீட்டில் பேசுவார்கள்.

"அந்தத் தம்பி இன்னும் வரல," என்றாள்.

அன்று பகல் வாப்பாவின் கடைக் களஞ்சியத்தில் மிளகாய்ச் சாக்குகளை இழுத்து அடுக்கியது அவன்தான். பின்கதவால் ஓடிவந்த ஒருத்தியின் தலையில் உம்மாவின் சேலையைப் போட்டதும் அவன்தான். முகத்தைப் பார்க்க அவகாசம் இருக்கவில்லை. அந்தியில் பொலிஸ் லொறி பின்வாசலுக்கு வந்து அவளை அகதி முகாமுக்கு ஏற்றிப்போனபோது, அவன் முன்வாசலில் கடையின் கதவுப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு போய்ப் பார்த்தால் சாக்குகள் மட்டும் இருந்தன.

தப்பிவிட்டாள் என்று நினைத்தான். கடைக்கு வந்தவர்களிடம் எத்தனையோ தடவை அந்தக் கதையைச் சொல்லியுமிருக்கிறான்.

என்ன சொல்கிறாள் என்று டொக்டர் கேட்டார். மறுபடியும் கேட்டார்.



ஜௌபர் கொப்பியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குனிந்தான். மருந்தின் மயக்கம் தெளியும் வரை காத்திருந்தான். அவள் கண்கள் அலைவதை விட்டு அவன் முகத்தில் வந்து நின்றன.

"அக்கா, நான்தான். வந்துட்டேன். இனிப் பேசலாம்."

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துத் தலைக்கு முக்காடிட்டுக்கொண்டாள். பிறகு, மருந்தின் குழறல் இல்லாமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"போயிட்டாங்களா தம்பி?"

ஆம் என்று சொல்ல ஜௌபர் வாயெடுத்தான். அதற்குள், தன்னை அறியாமல், வார்டின் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டான்.

தனலெட்சுமி அதைப் பார்த்துவிட்டாள்.